மனச்சோர்வு மாத்திரை: தொடங்கலாமா, எத்தனை நாள், எப்படி நிறுத்துவது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

டாக்டர் எழுதிக் கொடுத்த சீட்டைப் பர்ஸில் மடித்து வைத்துக்கொண்டு, வாங்கலாமா வேண்டாமா என்று நாள் கடத்துகிறவர்களுக்காக எழுதியது இது. உயிரை விட்டுவிடலாம் என்ற எண்ணம் இப்போதே வந்துகொண்டிருந்தால் மற்றதைப் பிறகு படிக்கலாம். 14416-க்கு அழையுங்கள். அது டெலி மானஸ் என்ற இந்திய அரசின் மனநல உதவி எண். இரவிலும் எடுப்பார்கள், தமிழில் பேசலாம், கட்டணம் இல்லை. இலங்கையில் இருப்பவர்களுக்கு 1926.

இது வெறும் கவலையா, மனச்சோர்வா? எப்படிப் பிரித்துப் பார்ப்பது?

கவலை அலை அலையாக வரும். துக்க வீட்டில்கூட ஒரு குழந்தையின் சேட்டையைப் பார்த்துச் சிரித்துவிட்டு மறுபடி அழுவார்கள். மனச்சோர்வில் அந்த இடைவெளி இருக்காது. விடிந்ததிலிருந்து பெரும்பகுதி நேரம், ஏறக்குறைய தினமும், குறைந்தது இரண்டு வாரம் நீடித்தால்தான் மருத்துவர்கள் அந்தப் பெயரைச் சொல்கிறார்கள். மனம் தாழ்ந்து கிடப்பது, எதிலும் நாட்டமில்லாமல் போவது ஆகிய இரண்டில் ஒன்றாவது இருந்தாக வேண்டும். அதோடு தூக்கம், பசி, அசதி, கவனம், குற்ற உணர்வு, உடலும் பேச்சும் மந்தமாவது அல்லது நிலைகொள்ளாமல் தவிப்பது, சாவைப் பற்றிய எண்ணம் இவற்றையும் சேர்த்து மொத்தம் ஐந்தாவது தேறவேண்டும். அழுகை இந்தப் பட்டியலில் தனியாக இல்லை என்பதைக் கவனியுங்கள். அழவே வராமல் கல்லாகிப் போனவர்கள் நிறைய.

அளந்து பார்க்க பி.எச்.க்யூ-9 என்ற ஒன்பது கேள்வித் தாள் இருக்கிறது, தமிழிலும் உண்டு. ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3, மொத்தம் 27. 5 முதல் 9 லேசானது, 10 முதல் 14 நடுத்தரம், 15 முதல் 19 கடுமையை நோக்கிப் போகிறது, 20-இலிருந்து கடுமை. இது நோயைத் தீர்மானிக்கும் தாள் அல்ல. ஆனால் இன்று எடுத்த எண்ணைத் தேதியோடு எழுதி வையுங்கள். பின்னால் மாத்திரை வேலை செய்கிறதா என்று கேட்கும்போது இந்த எண்தான் பதில் சொல்லும்.

எனக்குக் கவலையே இல்லை. உடம்பு வலி, நெஞ்சுப் படபடப்பு, தலை கிறுகிறுப்புதான். ஸ்கேன், ஈ.சி.ஜி. எல்லாம் நார்மல். மனநல டாக்டரைப் பார்க்கச் சொல்கிறார்களே?

நம் ஊரில் மனச்சோர்வு பல நேரம் உடம்பு வழியாகத்தான் வாசல் திறக்கிறது. "கேஸ்" என்று ஆண்டுக்கணக்கில் மாத்திரை விழுங்குபவர்களில் சிலருக்கு அடியில் இருப்பது இதுதான். வலி பொய் என்று யாரும் சொல்லவில்லை.

அதே நேரம், மாத்திரை தொடங்குவதற்கு முன் சில ரத்தப் பரிசோதனைகள் தேவை: தைராய்டுக்கு டி.எஸ்.எச்., ஹீமோகுளோபின், வைட்டமின் பி12, சர்க்கரை. தைராய்டு குறைந்தாலும் பி12 குறைந்தாலும் அசதி, மந்தம், மறதி அப்படியே மனச்சோர்வு போலவே இருக்கும். ஆஸ்துமாவுக்கோ மூட்டுக்கோ ஸ்டீராய்டு சாப்பிடுபவர் என்றால் அதையும் சொல்லுங்கள்.

மாத்திரை இல்லாமல் சரியாகுமா?

லேசானது என்றால், பெரும்பாலும் மாத்திரையில் தொடங்க வேண்டியதில்லை. பிரிட்டனின் 2022 வழிகாட்டுதலும் இதைத்தான் சொல்கிறது: கடுமை குறைந்த மனச்சோர்வுக்கு மாத்திரையை வழக்கமான முதல் சிகிச்சையாக நீட்டாதே; நோயாளியே விரும்பினால் கொடு. நடுத்தரத்தில் பேச்சு சிகிச்சை, மாத்திரை எதிலும் தொடங்கலாம். கடுமையானதில் இரண்டும் சேர்ந்தால் நல்லது. சாப்பிடாமல் கிடப்பது, படுக்கையை விட்டு எழாதது, தற்கொலை எண்ணம், இல்லாத குரல் கேட்பது என்ற நிலையில் "முதலில் யோகா செய்து பார்க்கிறேன்" என்று தள்ளிப்போடக் கூடாது.

சரி, மாத்திரை இல்லாமல் என்னதான் செய்வது? "மனசை மாத்திக்கோ" என்றால் எப்படி?

மனசை மாற்ற வேண்டாம், நாளை மாற்றுங்கள். கோவாவில் ஆரம்ப சுகாதார நிலையங்களில் நடந்த ஒரு சோதனை 2017-இல் லான்செட் மருத்துவ இதழில் வந்தது. மனநலப் படிப்பு எதுவும் இல்லாத சாதாரண ஆட்களுக்குப் பயிற்சி கொடுத்து, வாரம் ஒரு முறை என்று ஆறு முதல் எட்டு அமர்வு பேசவைத்தார்கள். வந்தவர்கள் லேசான நோயாளிகள் அல்ல. மூன்று மாதத்தில் அந்த அமர்வுகளைப் பெற்றவர்களில் 64 சதவீதம் பேர் தேறியிருந்தார்கள். பெறாதவர்களில் 39 சதவீதம். பேசியதன் மையம் ஒன்றுதான்: விட்டுப்போன வேலைகளைச் சின்னச் சின்னதாகத் திரும்பச் செய்வது.

முதல் வாரம் எதையும் மாற்றாமல் ஒரு நோட்டில் எழுதுங்கள்: என்ன செய்தேன், அப்போது மனம் பத்துக்கு எத்தனை. வாரக் கடைசியில் பார்த்தால் 2-லேயே கிடக்கும் எண் எங்கோ ஓரிடத்தில் 4 ஆகியிருக்கும். மொட்டை மாடியில் துணி எடுக்கப் போனபோது, அல்லது பக்கத்து வீட்டு நாய் வந்தபோது. அதைப் பிடித்துக்கொள்ளுங்கள். இரண்டாம் வாரம் நாளுக்கு இரண்டு காரியம், நேரம் குறித்து. ஒன்று கொஞ்சம் இதம் தருவது, மற்றது "முடித்துவிட்டேன்" என்று சொல்ல வைப்பது.

தோற்பது எங்கே என்றால், அளவில். "தினமும் ஒரு மணி நேரம் நடை" என்று எழுதி மூன்றாம் நாள் படுத்துவிடுவார்கள். குளிப்பதே மலையாக இருப்பவருக்கு முதல் நாள் வேலை குளிப்பது அல்ல, துண்டை எடுத்துக் குளியலறைக் கொக்கியில் மாட்டுவது. அதோடு நிறுத்திவிடலாம். இன்னொரு தவறு, மனம் வந்ததும் செய்கிறேன் என்று காத்திருப்பது. மனம் வருவது செய்ததற்குப் பிறகுதான். பலருக்குக் காலைதான் மிக மோசமான நேரம். அப்படியானால் காரியத்தைச் சாயங்காலத்துக்குத் தள்ளுங்கள்.

யாரிடம் போவது? சைக்கியாட்ரிஸ்ட், சைக்காலஜிஸ்ட், கவுன்சிலர் எல்லாம் ஒன்றா?

இல்லை. மாத்திரை எழுதுவது சைக்கியாட்ரிஸ்ட், அதாவது எம்.பி.பி.எஸ்.ஸுக்கு மேல் மனநலத்தில் எம்.டி. அல்லது டி.பி.எம். படித்தவர். கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் பேச்சு சிகிச்சை தருபவர்; இந்திய மறுவாழ்வு கவுன்சிலில் பதிவு இருக்கிறதா என்று தயங்காமல் கேளுங்கள். கவுன்சிலர் என்ற பலகையை யார் வேண்டுமானாலும் மாட்டிக்கொள்ளலாம் என்ற நிலைதான் இன்னமும்.

பணம் தடையாக இருந்தால் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளிலும் மாவட்டத் தலைமை மருத்துவமனைகளிலும் மனநலப் புறநோயாளி பிரிவு உண்டு, ஓ.பி. சீட்டு போட்டால் மருந்தும் இலவசம். சென்னையில் கீழ்ப்பாக்கத்து மருத்துவமனை என்றாலே சினிமா கேலிதான் ஞாபகம் வரும். அங்கே காலையில் வந்து சீட்டு வாங்கிக்கொண்டு மதியம் வேலைக்குப் போகிறவர்களும் உண்டு.

இந்த மாத்திரைகள் உண்மையிலேயே வேலை செய்கின்றனவா?

செய்கின்றன, ஆனால் விளம்பரத்தில் சொல்லும் அளவுக்கு இல்லை. ஆறு முதல் எட்டு வாரத்தில், மாத்திரை சாப்பிட்ட 100 பேரில் சுமார் 40 முதல் 60 பேருக்குத் தெளிவான முன்னேற்றம் தெரியும். வெறும் மாவு மாத்திரை சாப்பிட்டவர்களிலும் 20 முதல் 40 பேர் தேறுகிறார்கள். ஆக, மாத்திரையால் மட்டும் கூடுதலாகத் தேறுவது ஏறக்குறைய 20 பேர். 2018-இல் 522 சோதனைகளைத் தொகுத்த பெரிய ஆய்வில் 21 மருந்துகளும் மாவு மாத்திரையை முந்தின. முந்திய தூரம் நடுத்தரம்தான். நோய் எவ்வளவு கடுமையோ அவ்வளவுக்கு அந்த வித்தியாசம் கண்ணுக்குத் தெரியும்.

"மூளையில் செரடோனின் குறைந்துவிட்டது, அதை நிரப்புகிறோம்" என்ற விளக்கத்தை மறந்துவிடலாம். மனச்சோர்வுக்குக் காரணம் செரடோனின் குறைவு என்பதற்கு உறுதியான சான்று இல்லை என்று 2022-இல் வந்த தொகுப்பாய்வு காட்டியது. ஆனால் காரணம் தெரியாததால் மருந்து பொய்யாகிவிடாது. தலைவலி பாராசிட்டமால் குறைவால் வருவதில்லை.

எனக்கு எந்த மாத்திரை எழுதுவார்கள்?

பெரும்பாலும் எஸ்சிடலோபிராம் (5 மி.கி.யில் தொடங்கி 10, அதிகபட்சம் 20), செர்ட்ராலின் (25-இல் தொடங்கி 50, தேவைப்பட்டால் 200 வரை), ஃப்ளூஆக்ஸெடின் (20). தூக்கமும் பசியும் போனவருக்கு இரவில் மிர்டாசபின் 7.5 அல்லது 15. எடை கூடும், சிலருக்கு அதுவே தேவை. உடம்பு வலி அதிகம் என்றால் டூலோக்ஸெடின். பழைய அமிட்ரிப்டிலினை 10 மி.கி. அளவில் ஒற்றைத் தலைவலிக்கும் நரம்பு வலிக்கும் எழுதுவார்கள். அந்த அளவு மனச்சோர்வைத் தீர்க்காது. வாய் உலர்தலும் மலச்சிக்கலும் அதன் கூடப்பிறந்தவை.

வீட்டில் ரத்த உறவு ஒருவருக்கு ஏற்கெனவே ஒரு மருந்து கேட்டிருந்தால் அதன் பெயரைச் சொல்லுங்கள். தேர்வில் அதற்கும் ஒரு இடம் உண்டு.

அட்டையில் இரண்டு மருந்துப் பெயர் இருக்கிறதே?

இந்த இடத்தில் நிதானமாகப் படியுங்கள், ஏனென்றால் "அடிமையாக்கும் மாத்திரை" என்ற பேச்சில் பாதி இங்கிருந்துதான் கிளம்புகிறது. அட்டையைத் திருப்பி, பெரிய எழுத்தில் இருக்கும் கம்பெனிப் பெயரை விட்டுவிட்டு அதன் கீழே சிறிய எழுத்தைப் பாருங்கள். "எஸ்சிடலோபிராம் 10 மி.கி., குளோனாசெபாம் 0.5 மி.கி." என்று இருக்கலாம். சில பிராண்டுகள் பெயருக்குப் பின்னால் 'பிளஸ்' போட்டு இதை விற்கின்றன.

குளோனாசெபாம் மனச்சோர்வு மருந்தே அல்ல. அது பதற்றத்தை அடக்கி உறக்கம் தருவது, அன்றைக்கே வேலை செய்வது, சில வாரங்களில் உடம்பு பழகிப்போவது. முதல் இரவே "அப்பாடா" என்று தூங்கினால் அது இதன் வேலை. எஸ்சிடலோபிராம் அப்போது தொடங்கவே இல்லை. ஆரம்பப் பதற்றத்துக்கு இரண்டு முதல் நான்கு வாரம் தருவதில் நியாயம் இருக்கிறது. சிக்கல், ஒரே மாத்திரையில் சேர்ந்திருப்பதால் வருவது. ஒன்றை நிறுத்தி மற்றதைத் தொடர வழியில்லை. பழைய சீட்டைக் காட்டி மெடிக்கலில் மாதாமாதம் வாங்கி ஒரு வருடம் ஓடிவிடும். பிறகு ஒரு நாள் அட்டை தீர்ந்ததும் கைநடுக்கம், தூக்கமின்மை. மருத்துவரிடம் இப்படிக் கேளுங்கள்: "இரண்டையும் தனித்தனி மாத்திரையாக எழுத முடியுமா? தூக்க மாத்திரையை எந்தத் தேதியில் குறைக்கத் தொடங்க வேண்டும்?" ஏற்கெனவே பல மாதம் சாப்பிட்டவர் தானாக நிறுத்தக் கூடாது; வலிப்பு வரைக்கும் போகலாம்.

மாத்திரை தொடங்கும் முன் டாக்டரிடம் எதையெல்லாம் சொல்லியாக வேண்டும்?

முதலில், எப்போதாவது தலைகீழ் நிலை வந்ததா என்பது. சில நாட்கள் தூக்கமே தேவைப்படாமல், பேச்சு நிற்காமல், கடன் வாங்கிச் செலவு செய்து, ஊரையே மாற்றப் போவதாகத் திட்டம் போட்ட காலம் இருந்ததா? அது இருமுனை நோயாக இருக்கலாம். அதற்கு மனச்சோர்வு மாத்திரையை மட்டும் கொடுத்தால் மறுபடி அந்த உச்சத்துக்கே தூக்கிவிடும் ஆபத்து உண்டு. நோயாளிக்கு அது நல்ல காலமாகத்தான் நினைவிருக்கும். கூட வரும் ஆளைத்தான் கேட்கவேண்டும்.

அடுத்து, மற்ற மாத்திரைகள். முழங்கால் வலிக்கு டைக்ளோஃபெனாக், இதயத்துக்கு ஆஸ்பிரின் சாப்பிடுபவருக்கு மனச்சோர்வு மாத்திரையும் சேர்ந்தால் ரத்தக் கசிவு வாய்ப்பு கூடும். டிரமடால் வலி மாத்திரையோடு சேர்ந்தால் நடுக்கம், காய்ச்சல், குழப்பம் வரலாம். மார்பகப் புற்றுக்குத் தமாக்சிஃபென் எடுப்பவருக்கு ஃப்ளூஆக்ஸெடினும், பாராக்ஸெடின் என்ற இன்னொரு மனச்சோர்வு மருந்தும் ஒத்துவராது. வயதானவர், அதிலும் ரத்த அழுத்தத்துக்கு குளோர்தாலிடோன் போன்ற நீர் மாத்திரை சாப்பிடுபவர் என்றால் ரத்தத்தில் சோடியம் இறங்கிவிடலாம். தொடங்கிய முதல் சில வாரங்களில் பாட்டி திடீரென்று தடுமாறி நடக்கிறார், பேச்சு குழம்புகிறது என்றால் வயது என்று விடாமல் சோடியம் பாருங்கள். எஸ்சிடலோபிராம் 65 வயதுக்கு மேல் 10 மி.கி.யைத் தாண்டாமல் வைப்பது நல்லது. இதயத் துடிப்பின் ஒழுங்கை அது பாதிக்கக்கூடும்.

நாட்டு மருந்து, அமுக்கிரா சூரணம் எதுவானாலும் அதையும் மறைக்க வேண்டாம்.

முதல் இரண்டு வாரம் எப்படி இருக்கும்?

பலன் வருவதற்கு முன் பக்கவிளைவு வந்துவிடும் என்பதுதான் இந்த மருந்துகளின் சங்கடம். குமட்டல், தலைவலி, வயிறு இளகுதல், கொஞ்சம் படபடப்பு. பெரும்பாலும் ஒன்றிரண்டு வாரத்தில் அடங்கும். சாப்பாட்டுக்குப் பின் போட்டால் குமட்டல் குறையும். தூக்கம் கெட்டால் காலையில், தூக்கம் வந்தால் இரவில். ஐந்தாம் நாள் "ஒத்துக்கவில்லை" என்று தூக்கிப் போடுகிறவர்கள் ஏராளம். பாதி அளவில் தொடங்கியிருந்தால் அவர்களில் பலர் தாண்டியிருப்பார்கள்.

ஒன்று மட்டும் காத்திருக்கக் கூடாதது. 25 வயதுக்கு உட்பட்டவர்களுக்குத் தொடக்கத்திலும் அளவு கூட்டும்போதும் தற்கொலை எண்ணம் அதிகமாகலாம் என்ற எச்சரிக்கையை அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2004-இல் குழந்தைகளுக்கும், 2007-இல் 24 வயது வரையிலும் விதித்தது. உட்கார முடியாத தவிப்பு, புதிதாக வந்த வெறி, "செத்துடலாம்" என்ற பேச்சு வந்தால் அன்றைக்கே மருத்துவரை அழையுங்கள். கல்லூரிப் பிள்ளை விடுதியில் தனியாக இந்த முதல் வாரத்தைக் கழிக்காமல் வீட்டில் இருப்பது நல்லது.

எத்தனை நாளில் பலன் தெரியும்? தெரியாவிட்டால்?

காலண்டரில் மூன்று தேதியை வட்டமிடுங்கள். 2-ஆம் வாரம்: ஏதாவது ஒன்று, தூக்கமோ எரிச்சலோ, கொஞ்சமாவது அசைந்ததா? 4-ஆம் வாரம்: துளியும் அசையவில்லை என்றால் அளவைக் கூட்டுவது அல்லது மருந்தை மாற்றுவது பற்றிப் பேசும் நேரம். 6-ஆம் வாரம்: அந்த ஒன்பது கேள்வித் தாளை மறுபடி எழுதி, பழைய எண்ணோடு ஒப்பிடுங்கள். பாதியாகக் குறைந்திருந்தால் நல்ல பலன். 18 இருந்தது 16 ஆனால் அது பலன் இல்லை. ஆறு மாதம் அதே மாத்திரையை இழுத்துக்கொண்டு போகாதீர்கள்.

முதல் மருந்து கேட்கவில்லை என்பதால் எதுவும் கேட்காது என்று அர்த்தமில்லை. ஆனால் மாற்றும் முன் இரண்டைச் சரிபாருங்கள்: தினமும் போட்டீர்களா, மது உண்டா. தினமும் குடிப்பவருக்குக் குடியே மனச்சோர்வை உண்டாக்கும்; நிறுத்திய மூன்று நான்கு வாரத்தில் மாத்திரை இல்லாமலே பாதி தெளிந்தவர்கள் உண்டு. (வருடக்கணக்காகத் தினமும் குடித்தவர் திடீரென்று வீட்டில் நிறுத்தக் கூடாது. மருத்துவமனையில்தான்.)

தாம்பத்தியத்தில் பிரச்சினை வருமா?

வரும், பலருக்கு. ஆசை குறையும், ஆண்களுக்கு விந்து வெளிவரத் தாமதமாகும், பெண்களுக்கு உச்சம் எட்டாது. குமட்டல் போல இது தானாகப் போவது குறைவு. சொல்ல வெட்கப்பட்டு மாத்திரையை ரகசியமாக நிறுத்துகிறவர்கள்தான் அதிகம். அளவைக் குறைக்கலாம், மிர்டாசபின், புப்ரோபியான் போன்ற இந்தத் தொல்லை குறைந்த மருந்துக்கு மாற்றலாம். அரிதாகச் சிலருக்கு நிறுத்திய பிறகும் நீடிப்பதாகப் பதிவுகள் உள்ளன. தொடங்கும் முன்பே இதைச் சொல்லாத மருத்துவரிடம் நீங்களே கேளுங்கள்.

கர்ப்பமாக இருக்கிறேன். மாத்திரையை நிறுத்திவிடலாமா?

நீங்களாக நிறுத்தாதீர்கள். கடுமையான மனச்சோர்வு திரும்புவதும் தாய்க்கும் குழந்தைக்கும் ஆபத்துதான். பாராக்ஸெடினை முதல் மூன்று மாதத்தில் தவிர்க்கப் பார்ப்பார்கள். பாலூட்டும்போது செர்ட்ராலின் பாலில் மிகக் குறைவாகவே கலக்கிறது. பிரசவமான சில நாளில் வரும் அழுகை இரண்டு வாரத்துக்குள் போய்விடும். போகாவிட்டால் "பிள்ளை பெத்தா அப்படித்தான்" என்று விடாதீர்கள்.

ஆயுசுக்கும் சாப்பிடவேண்டுமா?

முதல் முறை வந்தது என்றால், முழுதாகத் தேறிய நாளிலிருந்து ஆறு முதல் ஒன்பது மாதம், அதே அளவில். நன்றாகிவிட்டதே என்று இரண்டாம் மாதம் நிறுத்துவதுதான் திரும்ப விழுவதற்கு நேர்வழி. பல முறை வந்தவர்களுக்கு இரண்டு ஆண்டு, சிலருக்கு அதற்கும் மேல். 2021-இல் வந்த ஒரு பிரிட்டிஷ் சோதனையில், நீண்ட காலம் சாப்பிட்டுத் தேறியிருந்தவர்களில் தொடர்ந்தவர்களில் 39 சதவீதம் பேருக்கும், குறைத்து நிறுத்தியவர்களில் 56 சதவீதம் பேருக்கும் ஒரு வருடத்துக்குள் நோய் திரும்பியது. இந்த எண்ணை இரண்டு பக்கமும் படிக்கலாம்: நிறுத்தியவர்களில் 44 சதவீதம் பேர் நன்றாகவே இருந்தார்கள், தொடர்ந்தவர்களுக்கும் முழுக் காப்பு இல்லை.

நிறுத்தினால் தலைக்குள் ஷாக் அடிப்பது போல் இருக்கிறதே, அடிமையாகிவிட்டேனா?

அடிமை என்றால் அளவு ஏறிக்கொண்டே போகும், அதைத் தேடி மனம் அலையும். இது அதுவல்ல. ஆனால் உடம்பு பழகியிருக்கிறது. சட்டென்று எடுத்தால் தலைசுற்றல், மின்னல் வெட்டு, எரிச்சல், விசித்திரக் கனவு வரும். பாராக்ஸெடினும், வென்லஃபாக்ஸின் என்ற மற்றொரு மனச்சோர்வு மருந்தும் இதில் மோசம். ஃப்ளூஆக்ஸெடின் உடம்பிலிருந்து மெல்லக் கழிவதால் தொல்லை குறைவு.

குறைப்பதில் ஒரு கணக்கு இருக்கிறது. 10 மி.கி.யை 5 ஆக்குவதும் 5-ஐ 0 ஆக்குவதும் ஒரே அளவு படி போலத் தோன்றும். மூளையில் அப்படி இல்லை. முதல் சில மில்லிகிராமிலேயே மருந்தின் பெரும்பகுதி வேலை நடந்துவிடுகிறது. மேலே ஏற்றுவது அதன்மேல் பூசும் பூச்சு. அதனால் 10-லிருந்து 5 சின்னப் படி, 5-லிருந்து 0 பள்ளம். பலரும் கடைசிப் படியில்தான் விழுகிறார்கள். எஸ்சிடலோபிராம் என்றால் 10, 7.5, 5, 2.5, பிறகு அதிலும் பாதி என்று ஒவ்வொன்றிலும் இரண்டு முதல் நான்கு வாரம் நிற்கலாம். பல வருடம் சாப்பிட்டவர் இன்னும் மெதுவாக. 5 மி.கி. மாத்திரையைப் பாதியாக உடைத்தால் 2.5. மெல்ல மெல்ல மருந்து விடும் வகை மாத்திரைகளை உடைக்கக் கூடாது. "ஒரு நாள் விட்டு ஒரு நாள்" என்பது பரவலாகச் சொல்லப்படும் முறை. ஃப்ளூஆக்ஸெடினைத் தவிர மற்றவற்றுக்கு அது தினமும் ஏற்றி இறக்குவதுதான்.

திரும்பி வருவது நோயா, நிறுத்திய தொல்லையா? நிறுத்திய சில நாளிலேயே, தலைசுற்றலோடு வந்து, மாத்திரை போட்ட ஓரிரு நாளில் போனால் அது பின்னது. வாரங்கள் கழித்து, பழைய மந்தம் மெல்லக் கவிந்தால் நோய். தேர்வு, கல்யாணம், வேலை மாற்றம் உள்ள மாதத்தில் குறைக்கத் தொடங்காதீர்கள்.

வீட்டில் ஒருவருக்குத் தற்கொலை எண்ணம் இருக்குமோ என்று பயமாக இருக்கிறது. கேட்டால் தூண்டிவிட்டதாகாதா?

ஆகாது. "செத்துடலாம்னு தோணுதா?" என்று நேராகக் கேளுங்கள். பதில் ஆம் என்றால் தனியாக விடாதீர்கள். வயலுக்கு அடிக்கும் பூச்சி மருந்தை வீட்டை விட்டு அப்புறப்படுத்துங்கள். மாத்திரை அட்டையை நீங்கள் வைத்துக்கொண்டு அன்றன்றைக்கு உரியதை மட்டும் கொடுங்கள். ஒரு வாரத்துக்கு மட்டும் எழுதித்தரச் சொல்லுங்கள். போலீஸ் கேஸ் ஆகுமோ என்ற பயத்தில் மருத்துவமனைக்குப் போகாமல் இருக்கவேண்டாம். தற்கொலைக்கு முயன்றவரைக் கடும் மன அழுத்தத்தில் இருந்தவராகவே கருதவேண்டும், தண்டிக்கக் கூடாது என்கிறது 2017 மனநலப் பாதுகாப்புச் சட்டத்தின் 115-ஆம் பிரிவு.

அலுவலகத்துக்கும் பெண் பார்க்க வருபவர்களுக்கும் தெரிந்துவிடுமா?

அதே சட்டம் சிகிச்சை விவரத்தை ரகசியமாக வைக்கும் உரிமையை நோயாளிக்குத் தருகிறது. மருத்துவக் காப்பீட்டிலும் உடல் நோய்க்கு நிகராக நடத்தவேண்டும் என்கிறது. நடைமுறையில் பாலிசியின் புறநோயாளி விதிகளைப் படித்துப் பாருங்கள். நிச்சயதார்த்தத்துக்கு முன் சொல்வதா என்பது உங்கள் முடிவு. ஆனால் கல்யாணத்துக்காக மாத்திரையை ஒரேயடியாக நிறுத்திவிட்டு மண்டபத்தில் தலைசுற்றி உட்காருவது மட்டும் வேண்டாம்.

ஒரு நாள் மறந்துவிட்டால்?

அன்றைக்கே ஞாபகம் வந்தால் போடுங்கள். மறுநாள்தான் ஞாபகம் வந்தால் விட்டுவிட்டு வழக்கமான நேரத்துக்கு ஒன்று மட்டும். இரண்டு சேர்த்துப் போடாதீர்கள். விரத நாளிலும் மாத்திரைக்கு விரதம் இல்லை. இரவுச் சாப்பாட்டு நேரத்துக்கு மாற்றிக்கொள்ளலாம். ஊருக்குப் போகும்போது பெட்டியில் ஒரு அட்டை, கைப்பையில் ஐந்து மாத்திரை, போனில் சீட்டின் படம்.